மாலைப்பொழுதும் மக்கட்செல்வமும்

(வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள், பெற்றோர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, இச்சங்கத்தைத் தோற்றுவித்து இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்டிக்காத்து வரும் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசைப் பாயில் அமர்ந்து இவ்வுரை எப்போது முடியும் என்று காத்திருக்கும் மாணவச் செல்வங்களே!

விழாக்குழுவினர் நமக்கு அளித்துள்ள தலைப்பு, 'குடும்பமும் குழந்தைக் கல்வியும்' என்பதாகும். கல்வியைப் பற்றி நேற்றுக் காலை முதல் அறிஞர் பலர் பேசிவிட்டனர். தேர்ச்சி விழுக்காடு, உதவித்தொகை, போட்டித் தேர்வு முதலிய அனைத்தும் இம்மேடையில் அலசப்பட்டுவிட்டன. ஆதலின் தலைப்பிலுள்ள குடும்பம் என்னும் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அக்குடும்பம் மாலை ஐந்து மணிக்கு மேல் தன் பிள்ளைகளோடு என்ன செய்கிறது என்பதைப் பற்றிச் சில கூற விழைகிறோம். தலைமையாசிரியர் ஒருவர் விளையாட்டைப் பற்றிப் பேசுவதா என்று எவரேனும் வியக்கக்கூடும். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்காசிரியருக்குக் கடனாகக் கொடுத்து வந்த தலைமையாசிரியர்களுள் நாமும் ஒருவர். அக்கடனை எந்தக் கணக்காசிரியரும் இதுவரை திருப்பித் தந்ததில்லை என்பதையும் இங்குப் பதிவு செய்கிறோம்.

நம் பாட்டன்மார் காலத்தில் மாலைப்பொழுது என்ற ஒன்று நம் தெருக்களில் இருந்ததில்லை. தஞ்சைத் தரணியில் பண்ணையாட்களாக இருந்த நம் முன்னோர் விடிவெள்ளி முளைக்கும் முன்னரே பண்ணைக்குச் செல்லவேண்டும். இருட்டிய பின்னரே வீடு திரும்பவேண்டும். ஏழு வயது நிரம்பிய பிள்ளை மாடு மேய்க்கச் சென்றுவிடும். எம் பாட்டனார் தம் பிள்ளைகளைப் படுத்த நிலையில்தான் கண்டார் என்று பாட்டியார் கூறுவார். பாயின் எந்தக் கோடு வரைக்கும் கால் நீண்டிருக்கிறது என்பதைப் பார்த்தே பிள்ளை வளர்ந்திருப்பதை அவர் அறிந்துகொள்வாராம். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சவும், தோளில் ஏற்றித் திருவிழாவுக்கு அழைத்துச் செல்லவும் ஆசையில்லாத தந்தை உலகில் உண்டோ? ஆசை இருந்தது, பொழுதுதான் பிறர் கையில் இருந்தது.

1952ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969ஆம் ஆண்டில் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இவ்விரண்டுக்கும் இடையில், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் நம் மக்கள் 44 பேர் எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். இப்போராட்டங்கள் அனைத்தையும் கூலிப் போராட்டம் என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. அவை மாலைப்பொழுதுக்கான போராட்டமும் ஆகும் என்பது நம் கருத்து. வேலைக்கு ஒரு தொடக்க நேரமும் ஒரு முடிவு நேரமும் உண்டு என்ற நிலை வந்த பிறகுதான், நம் தெருவில் தந்தையும் பிள்ளையும் பகல் வெளிச்சத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

அவ்வாறு பார்த்துக்கொண்ட முதல் தலைமுறைப் பிள்ளைகளுள் நாமும் ஒருவர். மூன்றாம் வகுப்பில் படித்தபோது நிகழ்ந்த ஓர் ஆடிப்பெருக்கை இவ்வவையில் நினைவுகூர விரும்புகிறோம். சூன் 12இல் மேட்டூர் அணையைத் திறப்பது மரபு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆடிப் பதினெட்டுக்குள் வெண்ணாற்றில் புதுப்புனல் கரையைத் தொட்டுவிடும். காவிரிப் பாசன ஊர்களில் அன்று பிள்ளைகள் சிறு சப்பரம் கட்டி, தெருவழியே இழுத்துக்கொண்டு ஆற்றுக்குச் செல்வர். பெண்கள் காப்பரிசியும் கட்டுச்சோறும் எடுத்துச் செல்வர். எம் தந்தையார் அவ்வாண்டு அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்து எமக்கும் தங்கைக்குமாக ஒரு சப்பரம் செய்தார். உடைந்த கூடையிலிருந்து பிரித்த மூங்கிற் பிளாச்சு, பூவரசங் கிளையை வட்டமாக அறுத்த நான்கு சக்கரங்கள், திரைப்பட விளம்பரத் தாள்கள் ஆகியவையே அதற்கு மூலப்பொருள்கள். சக்கரங்களில் ஒன்று முழுவட்டமாக அமையவில்லை. ஆதலால் எம் சப்பரம் நொண்டி நொண்டியே நடந்தது. அன்று உலகத்தில் அதைவிட அழகிய தேர் இருந்திருக்கும் என்று நாம் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

ஊரின் பெரிய தெரு ஆற்றின் படித்துறைக்கு நேரே செல்வது, மேடுபள்ளம் இல்லாதது. நாங்களோ வயலை ஒட்டிய வண்டிப்பாதையில் ஆற்றின் கீழ்த்துறைக்குச் சென்றோம். மாடு கழுவும் இடத்திற்குச் சற்றுக் கீழே இருந்த துறை அது. வழியில் சப்பரம் இருமுறை குடை சாய்ந்தது. "அந்தத் தெருவு வழியா போனா நல்லா ஓடுமேப்பா" என்று நாம் கேட்டோம். தந்தையார் சப்பரத்தை நிமிர்த்திக்கொண்டே, "இந்தப் பாதையிலதான்டா மணலு இருக்கு. மணல்லதான் சக்கரம் சத்தம் போடாம ஓடும்" என்றார். நாம் அதை நம்பினோம். மறுநாள் பள்ளியில், பெரிய தெருப் பையன்களிடம், உங்கள் தெருவில் மணல் இல்லாததால் உங்கள் சப்பரம் சத்தம் போடும் என்று பெருமையாகவும் கூறினோம். அவர்கள் சிரித்த காரணம் விளங்குவதற்கு மேலும் மூன்றாண்டுகள் ஆயின.

பிள்ளையின் ஒரு நாள் மகிழ்ச்சியைக் காப்பதற்காகத் தந்தை ஒரு பொய் சொல்லவேண்டியிருந்தது. அன்றைய தினம் அவர் எம்மை ஆற்றில் இறக்கி, வயிற்றின்கீழ் உள்ளங்கையை வைத்துத் தாங்கி, நீந்தக் கற்றுக்கொடுத்தார். தங்கை கரையில் நின்று காப்பரிசியை முழுவதும் தின்றுவிட்டாள். அந்த உள்ளங்கையின் நினைவும் அந்தப் பொய்யின் நினைவும் நம்மிடம் ஒன்றாகவே இருக்கின்றன.

இவ்வகைப் பயணம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1901ஆம் ஆண்டில், ஒன்பது வயதுச் சிறுவராக இருந்த அண்ணல் அம்பேத்கர், தம் அண்ணனுடனும், இறந்துபோன தமக்கையின் மக்கள் இருவருடனும் கோடை விடுமுறைக்குத் தந்தையாரிடம் புறப்பட்டார். சதாரா மாவட்டத்தில், பஞ்சத்தில் வாடியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு வெட்டிய ஓர் ஏரிப் பணியில் தந்தையார் காசாளராக இருந்தார். பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை, ஒளிரும் தொப்பி, புதுக் காலணி எல்லாம் வாங்கப்பட்டிருந்தன. தொடர்வண்டியில் ஏறுவதே அவர்களுக்குப் பெருந்திருவிழா. மசூர் நிலையத்தில் இறங்கிய பின், இவர்கள் மகர் இனத்துப் பிள்ளைகள் எனத் தெரிந்ததும் நிலைய அதிகாரி விலகி நின்றார். வண்டிக்காரர் எவரும் ஏற்றிச் செல்ல முன்வரவில்லை. இருமடங்கு கூலிக்கு இசைந்த ஒருவரும், பிள்ளைகளே வண்டியை ஓட்டவேண்டும், தாம் உடன் நடந்து வருவதாகக் கூறினார். கையில் உணவு இருந்தும் குடிக்க நீர் கிடைக்காமையால் அன்றிரவு பசியோடு கிடந்தனர். ஏரி வெட்டும் தந்தையைக் காணச் சென்ற பிள்ளைகளுக்கு ஒரு குவளை நீர் கிட்டவில்லை! இந்நிகழ்ச்சியை அண்ணல் தாமே எழுதிவைத்திருக்கிறார். அதனைப் படிக்குந்தோறும் நம் கண் முன் நிற்பது அந்த ஒளிரும் தொப்பிதான்.

1927 மார்ச் 20இல் மகத் நகரின் சவுதார் குளத்தில் அவர் இறங்கி நீரைக் கையில் எடுத்த வரலாற்றை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அரசியல் சட்டத்தின் 15ஆவது உறுப்பின் இரண்டாம் கூற்றை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? கடைகள், உணவகங்கள், பொதுக் கேளிக்கை இடங்கள், கிணறுகள், குளங்கள், குளிதுறைகள், சாலைகள், பொதுமக்கள் கூடும் இடங்கள் என்று அதில் வரிசையாகக் கூறப்பட்டிருக்கிறது. ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் குளிதுறை என்ற சொல் இடம்பெறவேண்டிய தேவை ஏன் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். நம் மாகாணத்திலேயே இரட்டைமலை சீனிவாசனார், எம்.சி.இராசா போன்ற பெரியோர்கள், பொதுவழியில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் உள்ள உரிமைக்காகச் சட்டமன்றத்தில் வாதாடினர். 1938ஆம் ஆண்டின் சமூகத் தடைகள் நீக்கச் சட்டம் எம்.சி.இராசா அவர்களால் கொண்டுவரப்பட்டது.

வெளியில் இருந்த தடையைப் பற்றி இதுவரை கூறினோம். இனி, நாமே வீட்டுக்குள் எழுப்பிக்கொண்ட தடையைப் பற்றிக் கூறவேண்டும். இதில் முதற் குற்றவாளி இங்கு நின்று பேசிக்கொண்டிருப்பவரே.

இளங்கலைப் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் பெற்று அரசுப் பணியில் அமர்ந்தபோது, நம் பிள்ளைகள் தெருவில் ஆடக்கூடாது என்று முடிவு செய்தோம். தெருவில் ஆடுவது நம் பழைய வாழ்வின் அடையாளம் என்று தோன்றியது. புழுதி படிந்த காலோடு நம் பிள்ளையைப் பிறர் காணக்கூடாது என்று தோன்றியது. மாலை ஐந்தரைக்கு வாய்ப்பாடு, ஆறரைக்கு ஆங்கிலம், எட்டுக்கு உணவு என்று சுவரில் அட்டவணை ஒட்டினோம். தெருப்பிள்ளைகள் கிட்டிப்புள் ஆடும் ஓசை சாளரத்தின் வழியே வரும். நம் மகள் காதை அங்கும் வாயை வாய்ப்பாட்டிலும் வைத்திருப்பாள். ஒருநாள் அவள் தலை திரும்பியது கண்டு பிரம்பால் அடித்தோம். அவளுக்கு அப்போது ஏழு வயது. நம் தந்தையார் அப்போது உயிரோடு இருந்தார், திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் நம்மிடம் ஒன்றும் கூறவில்லை. மறுநாள் மாலை, அட்டவணை நேரத்தில், பேத்தியைக் கடைக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லி வெளியே கூட்டிச்சென்றார். இருட்டிய பிறகு இருவரும் முழங்கால் வரை சேற்றோடு திரும்பினர். அவள் கையில் பூவரசிலைப் பீப்பி இருந்தது. கடையில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டோம். "கடை சாத்தியிருந்துச்சுப்பா" என்றார். மணலைப் பற்றிப் பொய் சொன்ன அதே முகம்! இம்முறை அப்பொய் எவரிடமிருந்து பிள்ளையைக் காப்பதற்காகச் சொல்லப்பட்டது என்பதை நாம் உடனே உணர்ந்தோம்.

மறுநாளே சுவரில் இருந்த அட்டவணை கிழிந்தது என்று சொன்னால் அழகாயிருக்கும். அது கிழிய மேலும் ஓராண்டு ஆயிற்று. படித்த மனிதரின் பிடிவாதம் எளிதில் போவதில்லை.

தோழர்களே! விளையாட்டினால் படிப்புக் கெடும் என்பது நம் பெற்றோரிடையே வேரூன்றிய அச்சம். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு வழுக்கி விழ இடமில்லை என்ற அச்சம் அது. அதனை நாம் ஏளனம் செய்யமாட்டோம். ஆனால் அந்தக் கிட்டிப்புள்ளையே எடுத்துக்கொள்ளுங்கள். புள் விழுந்த தொலைவை ஏழு வயதுப் பையன் கண்ணாலேயே மதிப்பிட்டு, இத்தனைக் கோல் என்று கூறுகிறான். எதிரணியினர் மறுத்தால் கோலால் அளந்து காட்டுகிறான். வகுப்பில் நீட்டலளவை நடத்தும்போது இவனே வாய் திறக்காமல் நிற்கிறான். பல்லாங்குழியில் பாட்டியார் எந்தக் குழியில் தொடங்கினால் எந்தக் குழியில் முடியும் என்பதை எடுப்பதற்கு முன்பே அறிந்திருக்கிறார். எழுத்தறியாத அவரை நாம் பாமரர் என்கிறோம். பனங்காய் வண்டி ஓட்டாத பிள்ளைக்கு அச்சும் சக்கரமும் படத்தில்தான் தெரியும். காட்டாமணக்குப் பாலில் குமிழி ஊதிய பிள்ளைக்கு, அதில் தோன்றும் நிறங்களைப் பற்றி அறிவியல் ஆசிரியர் கேட்டால் சொல்வதற்கு ஒன்று இருக்கும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு வகுப்பறையும் குடிநீரும் வேண்டும் என்று கூறும் அதே அட்டவணையில் விளையாட்டுத் திடலையும் சேர்த்திருக்கிறது. இவற்றையெல்லாம் நாம் விளையாட்டுக்கு வக்காலத்தாகக் கூறினாலும், உள்ளபடியே விளையாட்டுக்கு இந்தப் பரிந்துரைகள் தேவையில்லை. பிள்ளை மகிழ்கிறது என்பதொன்றே போதும். நாம் ஆசிரியர் ஆதலால் எதற்கும் ஒரு பயன் கூறிப் பழகிவிட்டோம்.

ஒன்றில் மட்டும் பயனைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசவேண்டும். அது நீச்சல். சில ஆண்டுகளுக்கு முன், நம் பொறுப்பிலிருந்த பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன், செங்கல் சூளைக்கு மண் வெட்டிய குழியில் ஐப்பசி மழைநீர் தேங்கியிருந்தபோது, தோழர்களுடன் இறங்கி மீளவில்லை. தந்தையும் தாயும் அச்சூளையிலேயே வேலை செய்துகொண்டிருந்தனர். ஐம்பது முழத் தொலைவில் இருந்தனர். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர்மீது சிவப்பு மையால் கோடு இழுத்தது இந்தக் கைதான். ஆறு இருக்கும் ஊரில் பிறந்த அப்பிள்ளைக்கு எவரும் நீந்தக் கற்றுத்தரவில்லை. தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று மட்டும் எல்லாரும் கூறியிருக்கிறோம். கோடை விடுமுறையில் தந்தையர் தம் பிள்ளைகளை, ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்ற வேறுபாடின்றி, ஆழம் தெரிந்த துறைக்கு அழைத்துச் சென்று, சுரைக்குடுக்கையோ வாழைத்தண்டோ கட்டி, வயிற்றின்கீழ் கை கொடுத்துக் கற்றுத்தர வேண்டும். பிள்ளைகளைத் தனியே அனுப்பக்கூடாது. இது கேளிக்கை என்று எவரேனும் கூறினால், அந்தப் பதிவேட்டை அவருக்குக் காட்ட அணியமாயிருக்கிறோம்.

தாய்மார்களைப் பற்றி ஒன்று. குடும்பத்தோடு வெளியே சென்று மகிழ்தல் என்று நாம் பேசும்போதெல்லாம், அக்குடும்பத்தில் ஒருவர் கட்டுச்சோறு கட்டுவதும், மற்றவர் உண்பதுமாகவே இருக்கிறது. காணும் பொங்கலுக்குக் கடற்கரை சென்றாலும் தாய் மூட்டைக்குக் காவலாக மணலில் அமர்ந்திருப்பார். நம் பள்ளியின் ஆண்டுவிழாவில் ஒருமுறை, திடலில் கிளித்தட்டுக் கோடு போட்டு, தாய்மார்கள் ஆடலாம் என்று அறிவித்தோம். கால் மணி நேரம் எவரும் எழவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டனர். பிறகு சத்துணவு சமைக்கும் அம்மையார் ஒருவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கோட்டில் வந்து நின்றார். அவ்வளவுதான்! அடுத்து வந்தவர்களைக் கட்டுப்படுத்த முடியவில்லை. சிறப்பு விருந்தினர் பரிசளிப்புக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாம் பார்க்காதது போல் இருந்தோம். தம் தாய் ஓடுவதை அன்றுதான் முதன்முறையாகக் கண்டதாக மாணவி ஒருத்தி கூறினாள். வீட்டு வேலையில் ஆண்கள் ஒரு கை கொடுத்தாலன்றித் தாய்மாருக்கு மாலைப்பொழுது கிட்டாது. தண்ணீர்க் குடத்தைத் தந்தை சுமந்தால் என்ன குறைந்துவிடும்?

இனி, இன்று பிற்பகல் பொதுக்குழுவின் முன் வரவுள்ள பொருள் பற்றிக் கூறிவிடுகிறோம். இக்கட்டடத்தின் பின்புறம் சங்கத்திற்குச் சொந்தமான 22 சென்டு நிலம் உள்ளது. அதில் கடைவரிசை கட்டி வாடகைக்கு விடலாம் என்று செயற்குழு பரிந்துரைத்துள்ளது. பரிந்துரைத்தவர்கள் நம் நண்பர்கள், நல்லெண்ணம் உடையவர்கள். வாடகை வந்தால் மாலை வகுப்பு ஆசிரியர்களுக்கு ஊதியம் தரலாம் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. மாலை வகுப்பை நடத்துபவர்களுள் நாமும் ஒருவர் என்பதால் அத்தொகையின் அருமையை அறிவோம். எனினும் நாம் அதற்கு மாறாகவே வாக்களிக்கவிருக்கிறோம்.

நம் பிள்ளைகள் ஆடுவதற்கு இவ்வூரில் வேறு இடம் எது? ஊர்ப் பொதுத்திடல் இருக்கிறது. சட்டப்படி யாவரும் செல்லலாம். அங்குச் செல்லும் நம் சிறுவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சென்று பார்த்தோம். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடுகிறார்கள். எவரும் அவர்களை விரட்டவில்லை. மட்டை மட்டும் அவர்கள் கைக்கு வருவதில்லை. பல்வங்கர் பாலு என்னும் ஒப்பற்ற பந்துவீச்சாளரை நீங்கள் அறிந்திருக்கலாம். சமார் குலத்தில் பிறந்த அவர், புனே நகரில் வெள்ளையர் சங்கத் திடலைப் பராமரிக்கும் பணியாளாக இருந்து, அவர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசியே தேர்ந்தவர். 1911ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவருக்கும் வெள்ளையர் திடலில் பந்து வீசத்தான் அழைப்பு இருந்தது. நூறாண்டு கடந்த பின்னும் நம் பிள்ளை எல்லைக்கோட்டில் நிற்கிறான்.

அந்த 22 சென்டு நிலத்தில் இப்போது மாலைதோறும் முப்பது, நாற்பது பிள்ளைகள் ஆடுகின்றனர். ஒரு மூலையில் சிறுமியர் பாண்டிக் கோடு கிழித்திருக்கின்றனர். வேப்பமரத்தடியில் பாட்டியர் இருவர் பேரக்குழந்தைகளை மண்ணில் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பர். வேலை முடிந்து வரும் தந்தையர் சிலர் மிதிவண்டியை நிறுத்திவிட்டு ஒரு சுற்று ஆடிவிட்டுச் செல்வதையும் கண்டிருக்கிறோம். அவர்களுள் ஒருவர் செயற்குழு உறுப்பினர், பெயரைக் கூறமாட்டோம், அவர் இப்போது சிரித்துக்கொண்டிருப்பதால் நீங்களே அறியலாம். மாலை வகுப்புக்கு வேண்டிய தொகைக்காக, அரசுப் பணியிலுள்ள நம் சமுதாயத்தார் ஆளுக்கொரு திங்கட் சந்தா தரவேண்டும் என்று நாம் ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறோம். முதற் பெயராக நம் பெயரையே எழுதியிருக்கிறோம்.

பொதுக்குழு மூன்று மணிக்கு இந்த மண்டபத்தில் கூடுவதாக அழைப்பிதழில் அச்சிடப்பட்டுள்ளது. அவைத்தலைவர் அவர்கள் அருள்கூர்ந்து அதனை ஐந்து மணிக்கு மாற்றி, பின்புறத்து நிலத்திலேயே கூட்டவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பாய்களை அங்குக் கொண்டுபோய் விரிக்கும்படி முன்வரிசை மாணவர்களிடம் சொல்லிவிட்டோம். பாண்டிக் கோட்டின்மீது மட்டும் விரிக்கவேண்டா என்று சிறுமியர் கேட்டுக்கொண்டுள்ளனர்.